டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டர்: என் 1966 எம்ஜிபியில் சில வருட அனுபவம்

இரவு நேரம், மழை, வைப்பர் ஓடுகிறது, வண்டி சிக்னலில் நிற்கிறது. டைனமோ (பழைய கார்களில் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஜெனரேட்டர்) உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். சார்ஜிங் லைட் மினுக்கும், ஹெட்லைட் மஞ்சளாகும், கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தட்டும். என் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதுவகை ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டரை மாட்டியதிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

வண்டியில் முதலில் இருந்தது லூகாஸ் சி40 டைனமோ. உச்சத்தில் 22 ஆம்பியர். பகலில் ஓட்ட அது தாராளம், இரவுக் கணக்குத்தான் இடிக்கும். 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கே 10 ஆம்பியர் போய்விடும். இக்னிஷன், பார்க்கிங் லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் கூட்டினால் இருபதை நெருங்கும். ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, டைனமோ கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. காரணம் அதன் அமைப்பு. மொத்தக் கரன்ட்டும் சுழலும் ஆர்மேச்சரிலிருந்து (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையம், அதை உரசும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதனால் அதை ரொம்ப வேகமாகச் சுற்றவிட முடியாது, என்ஜின் மெதுவானால் அது இன்னும் மெதுவாகிச் சார்ஜ் நின்றுவிடும். ஆல்டர்னேட்டரில் கரன்ட் பிறப்பது அசையாத ஸ்டேட்டரில். பிரஷ் சுமப்பது உள்ளே சுழலும் ரோட்டருக்கான (மின்காந்தம்) சில ஆம்பியர் மட்டும். சின்னப் புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் ஏறும்.

நான் மாட்டியது லூகாஸின் 17ஏசிஆர் மாடல் ஆல்டர்னேட்டர், 36 ஆம்பியர். அறுபது எழுபது ஆம்பியர் போடச் சொன்னவர்களும் உண்டு. ஏசி இல்லை, பவர் விண்டோ இல்லை, அவ்வளவு எதற்கு? பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் பெரிய ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் தள்ளும். பழைய ஒயரும் ஒல்லி ஃபேன் பெல்ட்டும் அதைத் தாங்க வேண்டுமே. 36-க்கே செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மின்சுவிட்ச்) வரை தடிமனான கேபிள் ஒன்றைப் புதிதாக இழுத்தேன்.

உண்மையில் வேலை வாங்கியது எர்த் மாற்றம்தான். அந்த வருட எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் பாடியோடு இணைந்திருக்கும். இந்த ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் அதற்குள் கரன்ட்டை ஒரே திசையில் விடும் டயோடுகள் அந்த நொடியே காலி. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் சின்ன ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. செல்ஃப் மோட்டாருக்குக் கவலையில்லை, எப்படிக் கொடுத்தாலும் அதே பக்கம்தான் சுற்றும். படுத்தியது என்ஜின் வேகத்தைக் காட்டும் ரெவ் கவுன்ட்டர் மீட்டர். அதைத் திறந்து உள் இணைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. பொறுமை இல்லாதவர்கள் மீட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது, முள் அவ்வளவு மெல்லியது.

இப்போது ஹெட்லைட் போட்டு ஐடிலில் நின்றாலும் வோல்ட்மீட்டர் 14-ஐ ஒட்டியே நிற்கிறது. முன்பெல்லாம் குளிர்கால இரவுப் பயணத்துக்கு மறுநாள் காலையில் சார்ஜரைத் தேடுவேன். அது இப்போது தூசு படிந்து கிடக்கிறது. இடையில் ஒருமுறை பிரஷ் தேய்ந்தது. பின் மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டும் வேலைதான். ஃபேன் பெல்ட் மட்டும் முன்பைவிட இறுக்கம் கேட்கிறது. தளர்ந்தால் ஸ்டார்ட் செய்த உடனே கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு விஷயத்தைப் பலர் சொல்வதில்லை. டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜிங் லைட் வெறும் அறிவிப்பு விளக்கு இல்லை. ரோட்டருக்கு முதல் கரன்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸானால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கலாம். அந்த இடத்தில் எல்இடி போட்டால் போகிற கரன்ட் போதாது, பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரும் சேர்க்க வேண்டும். அடுத்தது, என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ‘சார்ஜ் ஏறுதா’ என்று பார்க்கும் பழைய மெக்கானிக் வித்தை. ஆல்டர்னேட்டரிடம் அது நடக்காது. வோல்டேஜ் எகிறி டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்து போகும். வண்டியை யாரிடம் விட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

எல்லாரும் மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஞாயிறு பகலில் மட்டும் வண்டியை எடுப்பவருக்கும், கண்காட்சியில் அசல் நிலைக்காக மார்க் வாங்குபவருக்கும் சி40 போதும். பிரஷ்ஷைக் கவனித்து, பின்பக்க புஷ்ஷில் அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அது பாட்டுக்கு ஓடும். என்னுடையதையும் ஆர்மேச்சர் சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டு, பழைய பிராக்கெட்டோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன். வண்டியை நாளை வாங்குபவர் அசலுக்கே திரும்ப நினைத்தால் எதையும் வெட்டி ஒட்டத் தேவையிருக்காது.