கொழுப்பு மாத்திரை கல்லீரலுக்குள் நுழையும் வாசல்: சிம்வாவா, அடோர்வாவா, ரோசுவாவா, பிரவாவா?

கொழுப்புக்கு மாத்திரை போடுகிறவர்களில் பலர், அது ரத்தத்தில் ஓடும் கொழுப்பைக் கரைக்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்டாட்டின் வகை மாத்திரை எதுவும் அப்படி வேலை செய்வதில்லை. அதன் முக்கிய வேலை கல்லீரல் செல்லுக்குள்ளே நடக்கிறது. கொலஸ்டிரால் தயாரிப்பில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு நொதியை அது அங்கே முடக்குகிறது. சொந்தத் தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் செல் தன் மேற்பரப்பில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி, தேவையான கொலஸ்டிராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. பரிசோதனைத் தாளில் எல்டிஎல் இறங்கிக் காட்டுவது இதனால்தான். இந்த மருந்துக்கு ரத்தம் வெறும் வழி. போய்ச் சேர வேண்டிய இடம் கல்லீரல்.

அதனால் ஸ்டாட்டின்களை மில்லிகிராமையும் விலையையும் மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது என்பது என் கருத்து. கல்லீரலுக்குள் எப்படி நுழைகிறது, நுழைய முடியாதபோது எங்கே போகிறது, வேலை முடிந்ததும் எப்படி வெளியேறுகிறது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின் ஆகிய நான்கையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அதிகம் தென்படுவது அடோர்வாவும் ரோசுவாவும்தான். ஆனால் மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இவற்றின் குணம் புரியும்.

முதலில் அந்த வாசல். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது. கொழுப்பில் கரையும் மூலக்கூறு அதில் தானாகவே ஊடுருவிவிடும். நீரில் கரையும் மூலக்கூறால் அது முடியாது, ஒரு கடத்திப் புரதம் அதைப் பிடித்து உள்ளே விட வேண்டும். கல்லீரல் செல்லின் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. பெயர் ஓஏடிபி1பி1. அது மருந்துக்காக உருவானதல்ல. பிலிருபின், பித்த அமிலங்கள், சில ஹார்மோன்களின் கழிவு வடிவங்கள் ஆகியவற்றை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் சேர்ப்பதுதான் அதன் சொந்த வேலை. இதுவும் இதன் உடன்பிறப்பான ஓஏடிபி1பி3 என்ற புரதமும் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு ரோட்டர் நோய்க்குறி என்ற மஞ்சள் காமாலை வரும். மருந்துகள் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொள்கின்றன, அவ்வளவுதான். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓஏடிபி1பி1 கல்லீரலுக்கே உரியது, தசையில் இந்த வாசல் இல்லை.

பிரவாஸ்டாட்டினின் கதை சுருக்கமானது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பென்சிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின்தான் முதல் ஸ்டாட்டின். அதில் நுண்ணுயிரைக் கொண்டு ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்தால் பிரவா. அந்தச் சேர்க்கை அதை நீரில் கரையும் மருந்தாக மாற்றிவிட்டது. ஆகவே கல்லீரலுக்குள் போக அதற்குக் கடத்தி வேண்டும். தசைக்குள் எளிதில் கசியாது. பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியையும் அது பெரிதாக நம்பியிருப்பதில்லை, அதனால் மற்ற மருந்துகளோடு மோதல் குறைவு. குறை என்னவென்றால் வலு போதாது. 40 மி.கி. கொடுத்தாலும் எல்டிஎல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறையும். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல்லைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும் என்றால் பிரவாவை வைத்துக்கொண்டு அது நடக்காது.

சிம்வாஸ்டாட்டின் நேர் எதிர். நாம் விழுங்கும் வடிவம் லாக்டோன். அது கொழுப்பில் நன்றாகக் கரையும், சவ்வுக்குள் தானாகவே போய்விடும். உடலுக்குள் அது சிம்வாஸ்டாட்டின் அமிலமாக மாறிய பிறகுதான் வேலை செய்கிறது. அந்த அமிலத்தைக் கல்லீரலுக்குள் சேர்க்க ஓஏடிபி1பி1 உதவுகிறது. வாசலை முழுக்க நம்பாத மருந்து, வாசல் பழுதானால் அதிகம் பாதிக்கப்படாது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு.

2008இல் வெளியான சர்ச் (SEARCH) என்ற ஆய்வின் மரபணுப் பகுதி இதைத் தெளிவாகக் காட்டியது. 12,000 பேருக்கு மேல் பங்கேற்ற அந்த ஆய்வில் பாதிப்பேர் தினமும் 80 மி.கி. சிம்வா சாப்பிட்டார்கள். அவர்களில் கடுமையான தசைப் பாதிப்பு வந்தவர்களின் மரபணுத் தொகுப்பை, வராதவர்களுடையதோடு ஒப்பிட்டுத் தேடியபோது, முழு மரபணுத் தொகுப்பிலும் வலுவாகத் துலங்கியது ஒரே இடம். அது ஓஏடிபி1பி1 புரதத்துக்கான எஸ்எல்சிஓ1பி1 மரபணு. அந்த மரபணுவின் 521ஆம் எழுத்து டி என்பதற்குப் பதிலாக சி என்று இருந்தால் புரதம் சரியாக வேலை செய்வதில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் சி வாங்கியவர்களில் 5 ஆண்டுகளில் தசைப் பாதிப்பு வந்தவர்கள் 18 சதவீதம். ஒரு சி மட்டும் இருந்தவர்களில் 3 சதவீதம். இரண்டுமே டி என்றால் 0.6 சதவீதம்தான். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே எழுத்து வித்தியாசம்.

ஏன் இப்படி? வாசல் சரியாகத் திறக்காதபோது சிம்வாஸ்டாட்டின் அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது. இரண்டு சி உள்ளவர்களின் ரத்தத்தில் மொத்த அளவு மற்றவர்களைப்போல 3 மடங்குக்கு மேல் போகிறது. தேங்கியது சும்மா இருப்பதில்லை. கொழுப்பில் கரையும் தன்மையால் தசைச் செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது, அங்கே அதற்கு வாசலே தேவையில்லை. இதில் என்னை மிகவும் உறுத்துவது, ரத்தத்தில் மருந்து இவ்வளவு கூடியும் எல்டிஎல் அதற்கேற்ப இன்னும் இறங்குவதில்லை என்பது. கூடியது ரத்தத்தில், கல்லீரலில் அல்ல. நோயாளிக்குக் கூடுதல் பலன் இல்லை, கூடுதல் ஆபத்து மட்டும் சேர்கிறது. 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 80 மி.கி. சிம்வாவைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அறிவித்தது. அந்த சி எழுத்து தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் குறைவாகத்தான் காணப்படுகிறது. இருந்தாலும் இன்று புதிதாக ஒருவருக்கு ஸ்டாட்டின் தொடங்குவதென்றால் நான்கில் சிம்வாவைத்தான் கடைசியில் வைப்பேன்.

அடோர்வாஸ்டாட்டினும் கொழுப்பில் கரையும் பக்கம்தான். ஆனால் சிம்வாவைப்போல மாற்றத்துக்காகக் காத்திராமல் நேரடியாக வேலை செய்யும் அமிலமாகவே வருகிறது. உடலில் அதிக நேரம் தங்குவதால், சிம்வாவைப்போல இரவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மரபணுப் பழுது இருந்தால் ரத்தத்தில் இதன் அளவும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, ஆனால் தசைப் பாதிப்போடு சிம்வாவுக்குக் கிடைத்ததுபோல அழுத்தமான தொடர்பு இதற்குக் கிடைக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நிறைய இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

அடோர்வாவின் சிக்கல், அதற்கு இரண்டு இடங்களில் தடை வரலாம் என்பது. உள்ளே போக ஓஏடிபி1பி1, உள்ளே சிதைய சிஒய்பி3ஏ4. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதில் விசித்திரமான ஆட்டம் ஆடுகிறது. ஒரே ஒரு வேளை ரத்தக்குழாய் வழியே ரிஃபாம்பிசின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அது வாசலை அடைத்ததால் ரத்தத்தில் அடோர்வாவின் அளவு ஏறக்குறைய 7 மடங்கானது. அதே ரிஃபாம்பிசினை நாள்கணக்கில் தொடர்ந்தால், கல்லீரல் நொதிகள் பெருகி அடோர்வாவை வேகமாக அழித்துவிடும். இரண்டையும் நேரம் பிரித்துப் போட்டால் அடோர்வாவின் அளவு மிகவும் சரிந்துவிடுகிறது. அதனால்தான் மருந்துக் குறிப்பிலேயே, இரண்டும் தேவைப்பட்டால் ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். காசநோய் மருந்தும் கொழுப்பு மாத்திரையும் வேறு வேறு மருத்துவர்களிடமிருந்து வரும்போது, இதை யாராவது ஒருவர் கவனித்தே ஆக வேண்டும்.

ரோசுவாஸ்டாட்டினிடம் பிரவாவின் நீர்க்குணமும் அடோர்வாவை மிஞ்சும் வலுவும் சேர்ந்திருக்கின்றன. 20 மி.கி. தாண்டினால் எல்டிஎல் பாதிக்குமேல் குறையும். உள்ளே போக ஓஏடிபி1பி1 உட்படப் பல கடத்திகளைப் பயன்படுத்துகிறது. உள்ளே போனதும் பெரும்பகுதி சிதையாமல் அப்படியே பித்தத்தில் வெளியேறுகிறது. கிளாரித்ரோமைசின், இட்ராகொனசோல்போல சிஒய்பி3ஏ4 நொதியை முடக்கும் மருந்துகளைப் போட வேண்டியவர்களுக்கு இது நல்ல மாற்று. ஆனால் இதன் கதையில் நுழைவாசலைவிட வெளிவாசல்தான் சுவாரசியம்.

பிசிஆர்பி என்ற கடத்தி, குடல் செல்லிலிருந்து மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும். கல்லீரல் செல்லிலிருந்து பித்தத்துக்கும் தள்ளும். அந்தப் புரதத்தின் மரபணுவான ஏபிசிஜி2இல் ஒரு மாற்றம் இரண்டு பிரதியிலும் இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் ரோசுவாவின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆசியர்களிடம், குறிப்பாகக் கிழக்காசியர்களிடம், இந்த மாற்றம் அதிகம். 2005இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று, அங்கேயே வசிக்கும் நான்கு இனத்தவருக்கு ஒரே அளவு ரோசுவா கொடுத்து ஒப்பிட்டது. வெள்ளையரோடு பார்க்கும்போது சீனர்களுக்கு ரத்தத்தில் 2.3 மடங்கு, மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கு, இந்தியர்களுக்கு 1.6 மடங்கு. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சாப்பாட்டுச் சூழல், ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்குமேல் தமிழர்கள் என்பதால் இந்த எண் நமக்குத் தூரத்து எண் அல்ல. எஃப்டிஏ அதே ஆண்டு, ஆசிய வம்சாவளியினருக்கு 5 மி.கி.யில் தொடங்குவதைப் பரிசீலிக்கச் சொன்னது. ஐரோப்பியக் குறிப்பில் ஆசியர்களுக்கு 40 மி.கி. கூடாது என்றே இருக்கிறது. நம்மில் ஒருவருக்கு 10 மி.கி. ரோசுவா, புத்தகத்தில் இருக்கும் 10 மி.கி.யைவிடக் கனமானது என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ரோசுவா 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அந்த இடத்தில் அடோர்வாவே மேல்.

சரி, வாசலை அடைக்கிற மருந்துகள். இவற்றில் ஜெம்ஃபைப்ரோசில் பெரிய பாடம் கற்பித்தது. ட்ரைகிளிசரைடு குறைக்கத் தரும் இந்த மருந்து, உடலில் மாறியபின் ஓஏடிபி1பி1 வாசலையும், சிஒய்பி2சி8 என்ற நொதியையும் ஒருசேரத் தடுக்கிறது. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினுக்கு இந்த இரண்டுமே தேவை. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது. அதிக அளவில் தனியாகச் சாப்பிட்டவர்களுக்கும் நேர்ந்தது. 50க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவான பிறகு, 2001 ஆகஸ்டில் செரிவாஸ்டாட்டின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ட்ரைகிளிசரைடுக்காக ஸ்டாட்டினோடு இன்னொரு மருந்து சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இந்த வாசலை அப்படி அடைக்காத ஃபெனோஃபைப்ரேட் இருக்கிறது.

தசை வலி வந்ததும் மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020இல் வந்த லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினால் தொந்தரவு என்று நிறுத்தியவர்களுக்கே ஸ்டாட்டினும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் உணர்ந்த கூடுதல் தொந்தரவில் 90 சதவீதம், வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அந்த வலி பொய்யல்ல, காரணம் மாத்திரைக்குள் இல்லாமல் இருக்கலாம். அப்புறம், உண்மையிலேயே மருந்தால் வந்த வலியாக இருந்தாலும், சிம்வாவில் வந்தது சிறிய அளவு ரோசுவாவிலோ பிரவாவிலோ வராமல் போகலாம். தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, மருத்துவரிடம் பேசி மாற்றிப் பார்ப்பது நல்லது. ஆனால் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒப்பீட்டில் நால்வரும் சேர்ந்து தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் இந்த வாசலை அழுத்தமாக அடைக்கும். அதனோடு ரோசுவாவின் அளவு ரத்தத்தில் 7 மடங்காகிறது, அடோர்வாவின் அளவு அதற்கும் மேலே போகிறது. சிம்வாவைச் சேர்க்கவே கூடாது. ரோசுவாவுக்கு அமெரிக்கக் குறிப்பு 5 மி.கி.யோடு நிறுத்தச் சொல்கிறது, ஐரோப்பியக் குறிப்பு கூடவே கூடாது என்கிறது. மற்ற எல்லாப் பந்தயத்திலும் வலு குறைந்ததென்று பின்னால் நின்ற பிரவாவுக்கு இங்கே இடம் கிடைக்கிறது. அதுவும் 10 மி.கி.யில் தொடங்கி, 20 மி.கி. தாண்டாமல்.