செரென்கோவ் ஒளிக்கு எந்தக் கமரா?

கதிர் சிகிச்சையின்போது, கதிர் கிளப்பும் அதிவேக இலத்திரன்களால் நோயாளியின் தோலில் எழும் செரென்கோவ் ஒளி மிக மங்கலானது. அதைப் படமெடுக்க மலையகத்து மருத்துவமனையொன்று கமரா வாங்குவதென்றால் இரண்டு வழி: ஒளிபெருக்கி (மங்கலான ஒளியைப் பலமடங்காக்கும் கருவி) பூட்டியது, அல்லது சாதாரண சீமொஸ் (கைப்பேசிக் கமராவில் இருக்கும் வகை ஒளியுணரி).

லினாக், அதாவது இலத்திரன்களை முடுக்கிக் கதிர் உண்டாக்கும் சிகிச்சை இயந்திரம், கதிரைச் சில மைக்ரோசெக்கன் நீளத் துடிப்புகளாகவே விடுகிறது. ஒளிபெருக்கி அந்த நேரம் மட்டும் திறந்து மூடும். அறை விளக்கு எரிந்தாலும் படம் தேறும். சாதாரண கமராவுக்கு அறையையே இருட்டாக்க வேண்டும். படுத்திருப்பவரைக் கண்காணிக்க அது சரிவராது. விலை குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் கதிரியக்கக் கோபால்ட்டிலிருந்து கதிர் எடுக்கும் கோபால்ட் இயந்திரமென்றால் கதை வேறு. கதிர் இடைவிடாமல் வரும். திறந்து மூடும் வசதிக்கு வேலையே இல்லை.

எதுவானாலும் சிவப்பு ஒளியை நன்றாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நீலத்தை இரத்தம் விழுங்கிவிடும். அப்புறம், நுவரெலியா ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள்.