ரெஃப்ரியின் இரண்டாவது வாட்ச்: கேசியோ எஃப்-91டபிள்யூ

ஃபுட்பால் ரெஃப்ரிக்கு இரண்டு வாட்ச் வேண்டும். ஒன்று 45 நிமிடமும் நிற்காமல் ஓட வேண்டும். மற்றதற்கு ஒரே வேலை: வீணான நேரத்தைச் சேர்த்து வைப்பது. பாதியின் முடிவில் அந்த நேரத்தைக் கூட்டி ஆடவிட வேண்டும், அதுதான் இன்ஜுரி டைம். அந்த இரண்டாவது வேலைக்கு, 1989-இல் வெளிவந்த இந்த 21 கிராம் பிளாஸ்டிக் வாட்ச் தாராளமாகப் போதும். முதல் வேலைக்கு ஆகாது.

இடப்பக்கக் கீழ்ப் பொத்தானை இருமுறை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் வந்துவிடும். அடிபட்டவரைப் பார்க்க பிசியோவை உள்ளே கூப்பிடும்போது வலப்பக்கப் பொத்தானை ஒரு தட்டு. பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்ததும் இன்னொரு தட்டு. அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே எண்ணும், மனக்கணக்கே வேண்டாம். ஆள் மாற்றம், கார்டு, தண்ணீர் இடைவேளை, நீண்டுபோகும் கோல் கொண்டாட்டம் எல்லாம் இதில் சேரும். த்ரோ-இன், கோல் கிக், கார்னருக்கு வழக்கமாக ஆகும் நேரம் சேராது. அளவுக்கு மீறி இழுத்தடித்தால்தான் சேரும்.

44-ஆவது நிமிடத்தில் திரை 3:40 காட்டினால் கூடுதல் நேரத்தை அறிவிக்கும் பலகையில் 3 என்று காட்டலாம். அது குறைந்தபட்சக் கணக்கு. மிச்சம் 40 விநாடியையும் ஆடவிட வேண்டியதுதான். இன்ஜுரி டைமிலும் யாராவது புல்லில் உருண்டால் மறுபடி தட்ட வேண்டும். அறிவித்த நேரத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது.

இந்த வாட்சின் பெரிய வில்லங்கம் இடப்பக்க மேல் பொத்தான். விளக்கும் அதுதான், ஸ்டாப்வாட்சைப் பூஜ்யமாக்குவதும் அதுதான். மாலை ஆட்டத்தில் எண் தெரியவில்லையே என்று விளக்கைப் போட்டால், நின்றிருக்கும் 3:40 மொத்தமும் போய்விடும். ஓடும்போது அழுத்தினால் திரை மட்டும் உறையும், உள்ளே எண்ணிக்கை நடக்கும். திரும்ப அதையே அழுத்தினால் சரியாகும். வாட்சை வலக்கையில் கட்டினால் அந்தப் பொத்தான் புறங்கைப் பக்கம் வரும், அதனால் இடக்கையே நல்லது. இத்தனைக்கும் அந்த விளக்கு திரையின் இடப்பக்கத்தை மட்டும் மங்கலாகக் காட்டும். இருட்டில் முடியும் ஆட்டங்களுக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

முதல் வாட்சாக ஏன் ஆகாது? கவுண்ட்டவுன் கிடையாது, அதிர்வும் கிடையாது. ஸ்டாப்வாட்ச் 59 நிமிடம் 59 விநாடி வரைதான் போகும், பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 45-ஐத் தாண்டி 15 நிமிடம் யார் ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில், ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வந்துக்குத் தலையில் அடிபட்டதால், முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் கூட்டினார்கள். இந்த வாட்ச் மயிரிழையில் தப்பியிருக்கும். கவுண்ட்டவுன் வேண்டுமென்றால் அதே கேசியோவின் ஏஇ-1200 இருக்கிறது. 24 மணி நேரம் வரை வைக்கலாம், தண்ணீர் தாங்குவதும் 100 மீட்டர் அளவுக்கு. எஃப்-91டபிள்யூ மழையையும் வியர்வையையும் தாங்கும், அதற்குமேல் சோதிக்க வேண்டாம்.

பேட்டரி சிஆர்2016, ஏறக்குறைய ஏழு வருடம் வரும். மாதத்துக்கு 30 விநாடி வரை முன்பின் ஆகலாம் என்கிறது கம்பெனி. 90 நிமிடத்தில் அது கணக்கிலேயே வராது. போலிகள் சந்தையில் நிறைய உண்டு. நேரம் காட்டும் நிலையில் வலப்பக்கப் பொத்தானைச் சில விநாடி பிடித்திருந்தால் திரையில் கேசியோ என்ற பெயர் வர வேண்டும். வராவிட்டால் வாங்காதீர்கள், வந்தாலும் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் பூஜ்யமாக்கிவிடுங்கள். முதல் பாதியில் நேரக் கணக்கு தவறியிருந்தாலும் இரண்டாம் பாதியில் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்ட, ஆட்ட நேரம் பற்றிய ஃபுட்பாலின் ஏழாவது விதி அனுமதிப்பதில்லை.