4-4-2, 4-3-3, மூன்று சென்டர்பேக்: கையில் இருக்கும் ஆட்களுக்கு எது பொருந்தும்?

கால்பந்தில் ஃபார்மேஷனை, அதாவது யார் எங்கே நிற்பது என்ற அமைப்பைப் பலகையில் எழுதிவிட்டு அதற்குள் ஆட்களைத் திணிப்பதில்தான் பாதி அணிகள் சறுக்குகின்றன. (எண்கள் கோல்கீப்பரை விட்டு, பின்னாலிருந்து முன்னால் எண்ணுவது: 4-4-2 என்றால் தடுப்பில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்.) முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். 68 மீட்டர் அகல மைதானத்தில் இரண்டு ஓரங்களையும் யார் கவனிப்பார்கள்? எதிரணி நடுக்களத்தில் மூன்று பேரை நிறுத்தினால் உங்கள் பக்கம் எத்தனை பேர்?

4-4-2 சொல்லிக்கொடுக்க எளிது. ஓரத்துக்கு இரண்டு பேர், முன்னால் இரண்டு பேர், குழப்பம் குறைவு. சிக்கல் நடுவில்தான். 4-3-3 ஆடும் எதிரணியின் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், உங்கள் ஸ்ட்ரைக்கர்கள் இருவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். பந்து அவரிடம் போனதும் உங்கள் மிட்ஃபீல்டர் ஒருவர் பொறுக்காமல் ஓடிப்போய் மறிப்பார். அவர் விட்டுவந்த இடத்தில் இன்னொருவர் பந்தை வாங்கி, கோலைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அவரைத் தடுக்க சென்டர்பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) வெளியே வந்தால் பின்வரிசையில் ஓட்டை. ஆகவே மிட்ஃபீல்டர் இடத்தை விடக்கூடாது. ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் இறங்கிவந்து அந்தப் பாஸை அடைக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவே 10-12 மீட்டர் இருந்தால் போதும்.

2015-16 பிரீமியர் லீக்கை லெஸ்டர் சிட்டி இப்படி ஆடித்தான் வென்றது. ஒகசாகி இறங்கி உழைத்தார், வார்டி பின்வரிசையைத் தாண்டி ஓடினார், மிட்ஃபீல்டர் கான்டே தனியாளாக இரண்டு பேர் வேலையைப் பார்த்தார். கான்டே போல ஒருவர் இல்லாமல் அந்த ஆட்டத்தைக் காப்பியடிக்கப் போனால் நடுக்களம் காலியாகத்தான் கிடக்கும்.

4-3-3இல் அந்தக் கவலை இல்லை. ஆனால் நடுக்கள மூவரில் பின்னால் நிற்பவர், எதிராளி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் பதறாமல் பந்தை வாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பார்சிலோனாவுக்கு புஸ்கெட்ஸ் இருந்தார். விங்கர்கள் (ஓரத்தில் தாக்குபவர்கள்) திரும்பி ஓடாவிட்டால் ஃபுல்பேக் (பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) தனியாக இருவரைச் சமாளிக்க நேரும். உதவிக்கு மிட்ஃபீல்டர் ஓரத்துக்குப் போவார், நடுவில் மறுபடியும் இரண்டே பேர். இரண்டு ஃபுல்பேக்கும் ஒரே நேரத்தில் மேலே ஏறுவது இன்னொரு வியாதி. ஒருவர் ஏறினால் மற்றவர் நின்றே ஆக வேண்டும்.

மூன்று சென்டர்பேக் முறை முழுக்க விங்பேக்கின் (ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடுபவர்) நுரையீரலை நம்பியது. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-3 என்று தோற்ற செல்சியை அதன் அப்போதைய பயிற்சியாளர் கோன்தே 3-4-3க்கு மாற்றினார். அடுத்த 13 லீக் ஆட்டங்களிலும் வெற்றி. அவர் ஆட்களைப் பிடித்த விதம்தான் அழகு. விங்கரான மோசஸ் விங்பேக் ஆனார், ஃபுல்பேக்கான அஸ்பிலிகுவேட்டா வலது சென்டர்பேக் ஆனார். விங்பேக் களைத்துவிட்டால் இந்த முறை 60 நிமிடத்துக்குள் ஐந்து பேர் தடுப்புச் சுவராகச் சுருங்கிவிடும்; பந்தை மீட்டாலும் கொடுக்க ஓரத்தில் ஆள் இருக்காது. எதிரணிக்கு ஒரே ஸ்ட்ரைக்கர் என்றால் பின்னால் மூவர் நிற்பது வீண். ஒருவராவது பந்தோடு முன்னேறத் தெரிந்தவராக இருந்தால்தான் கணக்கு சரியாகும்.

நல்ல விங்கர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால்? 4-4-2ஐயே கோணலாக ஆடுங்கள். விங்கர் இடது ஓரத்தை வைத்துக்கொள்ளட்டும். வலது பக்கம் ஒரு மிட்ஃபீல்டரைப் போட்டு உள்ளே நகர்த்துங்கள், நடுவில் மூன்று பேர் கிடைத்துவிடுவார்கள். வலது ஓரம் ஃபுல்பேக்குக்கு. அவர் ஏறும்போது இடது ஃபுல்பேக் சென்டர்பேக்குகள் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். இதை மட்டும் பயிற்சியில் பழக்கப்படுத்தாமல் ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.