குடலை எடுப்பதா, காப்பதா: அரிய புற்றுகளில் எந்த அறுவை?

ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று முடிவுகட்டும் பழக்கம் நோயாளிகளிடம் மட்டுமில்லை, மருத்துவர்களிடமும் உண்டு. மூலம் என்று வெட்டியெடுத்த சதை பயாப்ஸிக்குப் போன பிறகு மெலனோமா, அதாவது நிறமி செல்களில் தோன்றும் புற்று, என்று தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். கறுப்பாக இருந்தால்தான் மெலனோமா என்றும் இல்லை. நிறமே இல்லாமலும் வரும். சாதாரண நுண்ணோக்கிப் பார்வையில் அது வேறு புற்றைப் போலத் தோன்றும். எஸ்-100 (மெலனோமாவுக்கு), பி-40 (செதிள் செல் புற்றுக்கு), சினாப்டோஃபைசின் (நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கு) சாயங்களில் எது பழுப்பாக ஏறுகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? எந்தப் புற்று என்பதைப் பொறுத்துத்தான் அறுவை மாறும். வழி இரண்டு. மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாக எடுத்து, வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை வைப்பது ஒன்று; 1908-ல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவை அது. கட்டியை மட்டும் சுற்றியுள்ள நல்ல சதையோடு எடுத்து, குடலைக் காப்பது இன்னொன்று.

மெலனோமாவில் முழு அகற்றல் செய்தால் அதே இடத்தில் திரும்ப வருவது குறையலாம். ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ நோய் பெரும்பாலும் முன்னமே போய்விடுகிறது. ஓரம் சுத்தமாக எடுக்க முடியுமென்றால் சிறிய அறுவைதான் சரி என்பேன். இருக்கும் நாட்களைப் பையோடு கழிக்கச் சொல்ல வலுவான காரணம் வேண்டும்.

ஆசனவாயின் உட்புறத் தோலில் தோன்றும் செதிள் செல் புற்றில் கத்திக்கு முதலிடமே இல்லை. 1974-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ மூன்று பேருக்கு அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தார். இருவருக்கு எடுத்த குடலில் கட்டியே இல்லை. மூன்றாமவர் அறுவை வேண்டாமென்று சொல்லிவிட்டார். இன்று அந்தச் சிகிச்சைதான் முதல் வழி. கட்டி முழுதாகக் கரைய 26 வாரம்கூட ஆகலாம். சுருங்கிக்கொண்டே வரும் கட்டியை மூன்றாம் மாதத்தில் பார்த்துப் பதறி வெட்டினால், காப்பாற்றியிருக்கக்கூடிய ஆசனவாய் போய்விடும். கரையாமல் நின்றாலோ திரும்ப வளர்ந்தாலோ மைல்ஸின் அறுவை.

மலக்குடலில் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களிலிருந்து வரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கு அளவு முக்கியம். 1 செ.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி போதும், 2 செ.மீ. தாண்டினால் பெரிய அறுவை. இடைப்பட்டதற்கு ஆழத்தையும் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கி-67 எண்ணையும் பார்க்க வேண்டும். மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் இந்தக் கட்டியைச் சாதாரணப் பாலிப் என்று கம்பிக் கண்ணியில் பிடித்து அறுத்தால் அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

குடல் சுவரின் தசைப்பகுதியில் தோன்றும் ஜிஸ்ட் (GIST) என்ற கட்டி நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது அபூர்வம். பெரிய கட்டியென்றால், மரபணு மாற்றம் ஒத்துவந்தால், முதலில் இமாடினிப் மாத்திரை கொடுத்துச் சுருக்கி, மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைத் தொடாமல் எடுக்கப் பார்க்கலாம்.