கேப் ஸ்பேஸ் கையில் இருந்தால் எதை வாங்குவது: ஃப்ரீ ஏஜென்டையா, அடுத்த அணியின் சுமையையா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு கேப் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் மிஞ்சும் இடம்தான் கேப் ஸ்பேஸ். அது கிடைக்க வாய்ப்புள்ள அணிக்கு மூன்று வழி உண்டு. ஃப்ரீ ஏஜென்டுக்கு, அதாவது ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த வீரருக்கு, காசை நீட்டலாம். வேறொரு அணி தள்ளிவிடத் துடிக்கும் சம்பளத்தை ட்ரேடில் (அணிகளுக்குள் நடக்கும் வீரர் பரிமாற்றத்தில்) வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாக டிராஃப்ட் பிக் (புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கேட்கலாம். இல்லையென்றால் கேப்புக்குக் கீழே இறங்காமலே எக்செப்ஷன்களை, அதாவது கேப்பைத் தாண்டியும் வீரரை எடுக்க விடும் சலுகைகளை, வைத்து ஓட்டலாம். என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், அது வெறும் கணக்கு. 2025-26 கேப் சுமார் 15.46 கோடி டாலர். கேப்புக்கு மேலே இருக்கும் அணிக்கு, ஏப்ரன் எல்லைகளை (கேப்புக்கு மேலே உள்ள கடுமையான சம்பள எல்லைகள்) தொடாதவரை, 1.41 கோடியில் மிட்-லெவல் எக்செப்ஷனும் 51 லட்சத்தில் பை-ஆனுவலும் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்செப்ஷன்) கிடைக்கும். கீழே இறங்கினால் இரண்டும் போய், 88 லட்சத்தில் ரூம் எக்செப்ஷன் மட்டும் மிஞ்சும். வித்தியாசம் 1.04 கோடி. ஆக, ஒரு கோடிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும் என்றால் இறங்குவதே வீண். பழைய ட்ரேடுகளில் கிடைத்துக் கையிலிருக்கும் ட்ரேட் எக்செப்ஷன்களும் இறங்கும்போது காலியாகிவிடும் என்பதைச் சேர்த்தால், குறைந்தது 2 கோடியாவது கிடைக்காமல் நான் இறங்கமாட்டேன்.

அந்த இடத்தை அளப்பதிலும் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 8 வீரர்களுக்கு 10 கோடி கொடுத்தாகிவிட்டது என்றால் மீதி 5.46 கோடி என்று நினைப்போம். ஆனால் 12 பேர் நிரம்பும்வரை ஒவ்வொரு காலி இருக்கைக்கும் புதுமுக வீரரின் குறைந்தபட்சச் சம்பளமான (2025-26இல்) 12.7 லட்சம் பிடித்துக்கொள்வார்கள். நான்கு இருக்கைக்கு 51 லட்சம். உண்மையான இடம் 4.95 கோடி. அதற்கு மேல், சொந்த ஃப்ரீ ஏஜென்டுகளின் கேப் ஹோல்டும் (அவர்களைத் தக்கவைக்க கேப்பில் பிடித்துவைக்கும் தொகை) உட்கார்ந்திருக்கும். வருகிற வீரரின் ஒப்பந்தத்தில் ட்ரேட் கிக்கர் (ட்ரேட் ஆனால் கிடைக்கும் போனஸ்) இருந்தால் மீதிச் சம்பளத்தில் 15 சதவீதம்வரை கூடும், அந்தக் கூடுதலும் வாங்குகிற அணியின் கேப் கணக்கில்தான். ட்ரேடில் ஒரேயொரு சலுகை, கேப்பை 2.5 லட்சம்வரை தாண்டலாம்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். ஃப்ரீ ஏஜென்சியில் நாம் ஏலம் கேட்கும் ஆள். ட்ரேடில் ஏலம் விடும் ஆள். 2025 கோடையில் பெரிய அளவில் இடம் வைத்திருந்த அணி ஏறத்தாழ புரூக்ளின் மட்டும்தான். டென்வர், மைக்கேல் போர்ட்டர் ஜூனியரின் 3.83 கோடியை இறக்கிவைக்க 2032 முதல் சுற்று பிக்கை எந்தப் பாதுகாப்பும் (பிக் முன்னிடங்களில் விழுந்தால் கொடுத்த அணியே வைத்துக்கொள்ளும் நிபந்தனை) இல்லாமல் கொடுத்து, அவரைவிடச் சம்பளம் எவ்வளவோ குறைந்த கேம் ஜான்சனை வாங்கிக்கொண்டது. இடம் அரிதான கோடையில் அதற்கு வாடகை இப்படித்தான் ஏறும். அதே கோடையில் ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் அள்ளிக்கொள்ளும்படி ஆள் இல்லை. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு வீரர் தன் சம்பளத்தின் 140 சதவீதம்வரை எக்ஸ்டென்ஷன் (பழைய அணியோடு ஒப்பந்த நீட்டிப்பு) போடலாம் என்பதால் நல்ல சரக்கு பெரும்பாலும் சந்தைக்கே வருவதில்லை.

எனக்குத் தீர்ப்பைச் சொல்வது மறுவிற்பனைதான். ஆனால் வீரர் நன்றாக ஆடினாரா என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். அவரை எப்போது, யாருக்கு, என்ன விலைக்கு நகர்த்தலாம் என்பதை யாரும் பேசுவதில்லை.

ஜூலையில் ஒப்பந்தம் போட்ட ஃப்ரீ ஏஜென்டை டிசம்பர் 15 வரை ட்ரேட் செய்ய முடியாது, சிலரை ஜனவரி 15 வரை. ட்ரேடில் கேப் ஸ்பேஸுக்குள் வாங்கிய வீரரை மறுநாளே விற்கலாம். வேறு வீரரோடு சேர்த்துக் கட்டியும் விற்கலாம். எக்செப்ஷனில் வாங்கியவரென்றால் அப்படிச் சேர்த்துக் கட்ட இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். இது பூட்டுக் கணக்கு மட்டும்தான். விலை இன்னும் முக்கியம். ஃப்ரீ ஏஜென்டை ஏலத்தின் உச்ச விலையில், பெரும்பாலும் நான்கு வருடத்துக்கு வாங்குகிறோம். சுமையாக வருபவர் ஒன்றிரண்டு வருடம் மிச்சமிருக்கும்போது வருகிறார். அவருடைய ஒப்பந்தம் மாதாமாதம் கரைந்துகொண்டே போகும். காலாவதி நெருங்கநெருங்க அது சுமையிலிருந்து சரக்காக மாறும்.

அல் ஹார்ஃபோர்ட் கதையில் இந்த முழு வாழ்க்கையும் இருக்கிறது. 2019 ஜூலையில் பிலடெல்பியா அவருக்குக் கேப் ஸ்பேஸில் நான்கு வருடம், 10.9 கோடிவரை கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 33. ஒரே ஒரு சீசன். 2020 டிசம்பரில் அவரைக் கழற்றிவிட, 2025 முதல் சுற்று பிக்கை ஓக்லஹோமா சிட்டிக்குக் கூலியாகக் கொடுக்கவேண்டி வந்தது. ஓக்லஹோமா அதை வெற்று இடத்தில் செய்யவில்லை, டேனி கிரீனின் காலாவதியாகும் சம்பளம் உட்படச் சிலவற்றைக் கொடுத்துச் சரிக்கட்டியது. ஆனால் வாடகைத் தர்க்கம் அதேதான். ஆறு மாதம் கழித்து, 2021 ஜூனில், அதே ஹார்ஃபோர்ட் பாஸ்டனுக்குப் போனார். ஓக்லஹோமாவுக்குக் கெம்பா வாக்கரின் இன்னும் பெரிய சம்பளமும் 16ஆவது பிக்கும் வந்தன. அந்த 16ஐ ஹூஸ்டனிடம் கொடுத்து இரண்டு எதிர்கால முதல் சுற்று பிக்குகளை வாங்கினார்கள். வாக்கரை பை-அவுட் செய்து (மீதிச் சம்பளத்தைப் பேசித் தீர்த்து விடுவித்து) அனுப்பியதில் காசு கரைந்தது உண்மை. அது தோற்கத் தயாராக இருந்த அணி தாங்கக்கூடிய கரைப்பு.

சரி, அந்த 2025 பிக் என்ன ஆயிற்று? இந்த வழியின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அது டாப் 6 பாதுகாப்போடு வந்தது. 2024 ஜூலையில் பிலடெல்பியா மறுபடி முதல் வழிக்கே போனது. சொந்த ஃப்ரீ ஏஜென்டான டைரிஸ் மேக்ஸியின் கேப் ஹோல்ட் சுமார் 1.3 கோடி மட்டும். அதை அப்படியே நிறுத்திவைத்து, மீதி இடத்தில் 34 வயது பால் ஜார்ஜுக்கு நான்கு வருடம், 21.2 கோடி. பிறகுதான் மேக்ஸியை முழுச் சம்பளத்தில் எழுதினார்கள். வரிசைப்படுத்தியதில் ஒரு குறையும் சொல்லமுடியாது, பாடப்புத்தகத்தில் போடலாம். ஜார்ஜ் 41 ஆட்டம் ஆடினார், அணிக்கு 24 வெற்றி, 58 தோல்வி. அதிகம் தோற்கும் அணிக்கே முன்னிட பிக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தோல்வியாலேயே பிக் 3ஆவது இடத்துக்கு ஏறி, பாதுகாப்புக்குள் விழுந்து, பிலடெல்பியாவிடமே தங்கிவிட்டது. ஓக்லஹோமா அந்த வருடம் கோப்பையை வென்றதால் யாரும் அழவில்லை.

டெரிக் ஃபேவர்ஸைத் தள்ளிவிட யூட்டா ஓக்லஹோமாவுக்குக் கொடுத்த பிக்கும் அப்படித்தான். 2024இல் டாப் 10 பாதுகாப்பு, யூட்டா விழுந்தது சரியாக 10இல். அடுத்த வருடம் 5இல்.

எனவே, கூலி பேசும்போது பிக்கின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அது எந்த வருடத்து பிக், அப்போது அந்த அணி எந்த நிலையில் இருக்கும் என்று பாருங்கள். பாதுகாப்பே இல்லாவிட்டாலும் பக்கத்து வருடத்து பிக் என்றால் ஏமாற்றம் வரலாம். 2013இல் யூட்டா, கோல்டன் ஸ்டேட்டின் மூன்று காலாவதி ஒப்பந்தங்களை வாங்கிக்கொண்டு பாதுகாப்பில்லாத இரண்டு முதல் சுற்று பிக்குகளை வாங்கியது. அவை 23, 30 என்று வந்து விழுந்தன. காரணம், அந்த ட்ரேடில் கிடைத்த இடத்தில்தான் கோல்டன் ஸ்டேட் ஆண்ட்ரே இகுவோடாலாவைக் கொண்டுவந்து வலுவானது. டென்வரின் 2032 பிக்கை நான் உயர்த்திப் பேசுவது அந்தத் தூரத்துக்காகவே. மாறாக, அதே புரூக்ளின் டெரன்ஸ் மேனின் மூன்று வருட ஒப்பந்தத்தை 22ஆவது பிக்குக்காக எடுத்தது எனக்கு உவப்பில்லை. மூன்றாவது வருடம் வந்தால் மறுவிற்பனை மெலிந்துவிடுகிறது.

முதல் வழி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. 2022இல் நியூயார்க் 25 வயது ஜேலன் பிரன்சனுக்கு நான்கு வருடம், 10.4 கோடி கொடுத்தது. வயது 26ஐத் தாண்டாதவர், பந்தைக் கையில் வைத்து ஆடுபவர், தன் பழைய அணியால் குறைத்து மதிக்கப்பட்டவர்: மூன்றும் சேர்ந்தால் யோசிக்கவேண்டாம். அந்த இடத்தை உண்டாக்க நியூயார்க்கே நெர்லன்ஸ் நோயல், அலெக் பர்க்ஸ் இருவரையும் இரண்டாம் சுற்று பிக்குகளோடு டெட்ராய்ட்டுக்கு அனுப்பவேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்டுக்கு (பழைய அணி அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கக்கூடியவர்) ஆஃபர் ஷீட் எழுதுவது மட்டும் வேண்டாம். பழைய அணி பதில் சொல்லும்வரை இடம் உறைந்து கிடக்கும். 2017இல் புரூக்ளின் ஆட்டோ போர்ட்டருக்கு எழுதியதை வாஷிங்டன் ஈடுகட்டிவிட்டது. அதன்பிறகு டிமார் கேரலையும் டொராண்டோவின் முதல் சுற்று பிக்கையும் வாங்கியதே அந்தக் கோடையின் உருப்படியான காரியம்.

ஜூலையிலேயே எல்லாவற்றையும் செலவழிக்கவேண்டியதில்லை. சீசன் முதல் நாளுக்குள் கேப்பின் 90 சதவீதத்தைத் தொட்டாகவேண்டும். தொடாத அணிக்கு ஆடம்பர வரிப் பங்கு (அதிகம் செலவழிக்கும் அணிகள் கட்டும் வரியில் மற்ற அணிகளுக்குப் பிரியும் தொகை) கிடைக்காது. மீதி 10 சதவீதத்தைப் பிப்ரவரி ட்ரேட் கெடுவரை வைத்திருக்கலாம். 2024-25இல் டெட்ராய்ட் சுமார் 1.4 கோடியை அப்படிக் காத்துவைத்து, ஜிம்மி பட்லர் ட்ரேடில் ஐந்தாவது அணியாக நுழைந்து டென்னிஸ் ஷ்ரூடரை எடுத்தது. வரிக்கோட்டைத் தாண்டியவர்கள் கடைசி மணி நேரத்தில் கதவைத் தட்டும்போது இந்தச் சின்ன இடத்துக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் அப்போது பெரும்பாலும் வருவது இரண்டாம் சுற்று பிக்குகள்தான். முதல் சுற்று பிக் வேண்டுமென்றால் ஜூலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.