பார்சலில் அடைமுட்டை வாங்கப் போகிறீர்களா? பணம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கடக்நாத் என்ற கருங்கோழியின் அடைமுட்டை, அதாவது குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டை, வீட்டுக்கே பார்சலில் வரும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போட்டேன். வந்த முட்டைகளில் பாதிக்கு மேல் சேவல் மிதிக்காத கடை முட்டை. அதிலும் சாயம் ஏற்றியது. அதை விற்ற இதே ஆளிடம் எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும், எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கமும் பலர் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பார்சலில் வரும் முட்டை எல்லாமே பொரிக்காது என்பது கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். வண்டியில் குலுங்கும், வெயிலில் கிடக்கும், ஏற்றி இறக்கும்போது யாராவது தூக்கிப் போடுவார்கள். பாதி பொரித்தாலே சந்தோஷம் என்றுதான் வாங்குகிறோம். அதனால் பொரிப்பு குறைந்ததைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. குலுக்கல் என்ற அந்த ஒரு காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குஞ்சே ஆக முடியாத முட்டையை ஒன்று 40 ரூபாய்க்கு விற்கிறானே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாசி மாதமே பணம் போட்டேன். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கிற முட்டையாகப் பார்த்து, ராத்திரி வண்டியில், வெயில் ஏறுவதற்கு முன்னால் அனுப்பச் சொன்னேன். சரிங்க அக்கா, சரிங்க அக்கா என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் நாள் கடந்துகொண்டே போனது. கேட்டால், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்டில் முட்டையை விடமாட்டேன் என்கிறார்களாம். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது எல்லையில் கோழி வண்டி, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்பியது உண்மை. நான் கேட்ட சமயத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. நாமக்கல்லிலிருந்து முட்டை லாரிகள் அதே வாளையார் வழியாகத்தான் கேரளாவுக்குள் வந்துகொண்டிருந்தன. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றினான். கடைசியில் பங்குனி வெயில் கொளுத்தும்போது அனுப்பினான். பாலக்காட்டு வெயில் எப்படி என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20 டிகிரிக்கு மேல் போனாலே முட்டைக்குள் கரு மெல்ல வளர ஆரம்பிக்கும். பகலில் வளர்ந்து, ராத்திரி நின்று, மறுபடி பகலில் வளர்ந்தால் அடை வைப்பதற்கு முன்பே கரு சோர்ந்துவிடும்.

பார்சல் ஆபீஸ் பாலக்காட்டில். நானே போய் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். உமிக்குள் புதைத்து, செய்தித்தாள் சுற்றி, கட்டு நன்றாகவே இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. ஒரு நாள் முழுக்கக் கூர்முனை கீழே இருக்கும்படி தட்டில் நிறுத்தி வைத்தேன். பயணத்தில் கலங்கிய காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்று இடம்) நிலைக்கு வர அவ்வளவு நேரமாவது வேண்டும். அப்புறம்தான் குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைத்தேன், 37.5 டிகிரியில். பக்கத்திலேயே எங்கள் வீட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழிகளின் முட்டைகளையும் வைத்தேன். இடம் மீதி இருந்ததே என்று வைத்ததுதான், ஆனால் பின்னால் எனக்குச் சாட்சியாக நின்றது அதுதான்.

நான் முட்டையைக் கையால்தான் திருப்புவேன். ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பார்சல் முட்டைக்கு முதல் இரண்டு மூன்று நாள் திருப்பாமல் விடுவது வழக்கம் என்பதால் அதற்கப்புறம்தான் தொட்டேன். முகம் கழுவிவிட்டு வந்த ஈரக்கையோடு திருப்பியதில் விரலெல்லாம் காவி நிறம். முதலில் எச்சமோ மண்ணோ என்று நினைத்தேன். ஒரு முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தால், தேய்த்த இடம் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டது. பென்சில் குறி அழியவில்லை, ஓட்டின் நிறம் அழிகிறது! கோழி இட்ட நிறம் வெறும் தண்ணீருக்குப் போகாது. டீத்தூள் டிகாஷனில் வெள்ளை லெகார்ன் பண்ணைக்கோழி முட்டையை முக்கி நாட்டு முட்டை என்று விற்கும் வேலையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அடைமுட்டையில் அதைச் செய்வார்கள் என்று நினைத்ததே இல்லை. சாப்பிடுகிற முட்டையில் செய்தால் காசோடு போகும். இங்கே ஒரு கோழிக்காரி இருபத்தொரு நாள் ராத்திரி பகல் எழுந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தே செய்திருக்கிறான்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்த்தேன். எங்கள் சிறுவிடை முட்டைகளில் சிவப்பு நரம்பு பின்னி, நடுவில் கருப்புப் புள்ளி அசைந்துகொண்டிருந்தது. பார்சல் முட்டைகளில் சிலவற்றில் மட்டும் ரத்த வளையம், அதாவது கரு கூடி இடையில் செத்தது. அந்த முட்டைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அது பயணம் செய்த வேலையாக இருக்கலாம். ஓரிரண்டு தவிர மற்றதெல்லாம் சுத்தமான கூமுட்டை. மஞ்சள் கருவின் நிழல் மட்டும் லேசாகத் தெரிகிறது, வேறு ஒன்றுமே இல்லை. சாயம் போன முட்டை ஒன்றுவிடாமல் இந்தக் கணக்கில்தான் வந்தது. அந்த ஓரிரண்டில் மட்டும் கரு உயிரோடு இருந்தது. அதுவும் பொரிக்கும் முன்பே அடங்கிவிட்டது.

கூமுட்டைகளைத் தட்டில் உடைத்துப் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், விற்கிறவன் உங்களை மடக்குவது இங்கேதான். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். சேவல் சேர்ந்த முட்டை என்றால் அந்தப் புள்ளி விரிந்து, நடுவில் தெளிவும் சுற்றிலும் வட்டமாக வளையமும் தெரியும். புது முட்டையிலேயே சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சூடு பட்டு வளர ஆரம்பித்துச் செத்திருந்தால் இன்னும் அகலமாக இருக்கும், ரத்தக்கறையும் இருக்கலாம். சேவலே சேராத முட்டை என்றால் வளையம் கிடையாது. ஓரம் சீராக இல்லாத சின்ன வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். நான் உடைத்ததில் எல்லாமே இந்தச் சின்னத் திட்டுதான். முட்டைப் பண்ணைகளில் கூண்டுக்கோழியோடு சேவல் விடுவதில்லை. எங்கள் ஊர் மிருக ஆஸ்பத்திரி டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டு, இது கரு கூடாத முட்டை என்றுதான் சொன்னார்.

குலுங்கி வந்த முட்டை வேறு மாதிரி இருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்தால் காற்றறை ரசமட்டத்துக் குமிழி மாதிரி இங்கும் அங்கும் ஓடும். வந்த அன்றைக்கே அதைப் பார்த்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த சாய முட்டைகளில் காற்றறை அசையவே இல்லை.

போன் செய்தேன்.

"அக்கா, ஏத்தி இறக்கறப்ப குலுங்கியிருக்குங்க. அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க."

"குலுங்கினா கரு சாகும் தம்பி. இல்லாத கரு எப்படிச் சாகும்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் மெஷினில் சூடு சரியில்லை என்றான். அதே மெஷினில், அதே தட்டில் இருந்த சிறுவிடைக் குஞ்சுகள் பொரித்து நிற்கிற படத்தை அனுப்பினேன். உடனே குரல் மாறியது. பார்சல் செலவை மட்டும் போட்டால் வேறு செட்டு அனுப்புகிறானாம். தாய்க்கோழிகளை வீடியோ காலில் காட்டச் சொன்னேன், பண்ணையில் சிக்னல் இல்லை என்றான். சாயம் போன முட்டையின் படத்தை அனுப்பியதும் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டான். அதே ஆளிடம் ஏமாந்த இன்னொருவரைப் பிறகு கண்டுபிடித்துப் பேசினேன். அவரிடமும் பார்சல் செலவு கேட்டிருக்கிறான். அவர் கட்டியிருக்கிறார், இரண்டாவது செட்டு வரவே இல்லை.

அவன் விளம்பரத்தில் கறுப்பு ஓடு உள்ள முட்டைப் படங்களும் இருக்கின்றன. கடக்நாத்துக்கு இறகு, தோல், கறி கறுப்பு. முட்டை ஓடு வெளிர் பழுப்பு அல்லது கிரீம் நிறம்தான். கறுப்பு முட்டை காட்டுகிறவனிடம் பேச்சே வேண்டாம்.

தெரியாத கூட்டத்து முட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புல்லோரம் போன்ற நோய்கள் தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். அப்படி வரும் முட்டையை வீட்டு முட்டையோடு சேர்த்து மெஷினில் வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையும் மலம்புழை அரசுக் கோழிப் பண்ணையும் இருக்கின்றன. காத்திருக்க வேண்டி வரும், கேட்ட இனம் கிடைக்காமலும் போகும். ஆனால் நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம்.

பணம் போட்டு ஏமாந்தவர்கள் முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவன் தமிழ்நாட்டில், நான் கேரளாவில் என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நான் பாலக்காட்டில் கொடுப்பதற்குத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஆளிடம் வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் பணம் போன ஸ்கிரீன்ஷாட், அனுப்பியவர் முகவரி ஒட்டிய பார்சல் அட்டை, உடைத்த முட்டையின் படம், இந்த மூன்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுக்கிறேன்.